அல்சைமருக்கு மருந்து வர ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

"அல்சைமர் நோயை அடையாளம் கண்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புற்றுநோய்க்குக்கூட எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. இதற்கு மட்டும் ஏன் வரவில்லை? ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் தவறான பாதையில் போய்க்கொண்டிருக்கிறார்களா? அப்பாவுக்கு இப்போதுதான் உறுதி செய்திருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் ஊசிகளை நம்பலாமா?" இதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. ஆனால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் முதல் கேள்வியைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அல்சைமர் மருந்துச் சோதனைகளில் நினைவாற்றலை மதிப்பிடுவது என் வேலை. பல வருடங்களாகச் செய்கிறேன். நான் மருந்து தயாரிப்பவன் அல்ல, ஊசி போடுபவனும் அல்ல. மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலைக் குறித்து, மதிப்பெண் போடுபவன். ஒரு மருந்து பலித்ததா இல்லையா என்பது கடைசியில் அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரையுங்கள், மணி பதினொன்று பத்து காட்டும்படி முள் போடுங்கள்" என்போம். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒருவர் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டம் அழகாக வரும். எண்களும் ஓரளவு இடம் பார்த்து விழும். சின்ன முள் 11-க்குப் போய்விடும். பெரிய முள்ளை வைக்கும்போது கை தயங்கும். பத்து நிமிடம் என்றால் அது 2-இல் இருக்க வேண்டும். ஆனால் காதில் விழுந்த 'பத்து' அவர் கையை இழுத்துக்கொண்டு போய் 10-இல் விட்டுவிடும். இரண்டு முள்ளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். ஏதோ சரியில்லை என்று அவருக்கே தெரியும். எது என்பதுதான் பிடிபடாது.

அந்தக் கடிகாரத்தை அவர் வரைகிற நாளில் நோய்க்கு வயது பதினைந்தோ இருபதோ ஆகியிருக்கும். அல்சைமர் மருந்தின் மற்ற எல்லாச் சிரமங்களும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைவிடுகின்றன. மூளையில் அமிலாய்டு புரதம் படியத் தொடங்குவது மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன்பு. அவர் அலுவலகம் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது அவரை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்க மாட்டார்கள். போயிருந்தாலும் அன்றைக்குக் கண்டுபிடிக்க வழி இருந்திருக்காது.

எப்படித் தெரியாமல் போனது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அகுஸ்டே என்ற 51 வயதுப் பெண்ணை அலோயிஸ் அல்சைமர் பரிசோதித்தார். அந்தப் பெண் 1906-இல் இறந்தபின் அவர் மூளையை வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தென்பட்டன. நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாக ஏதோ படிந்திருந்தது. நரம்பணுக்களுக்கு உள்ளே நூல் சிக்கியதுபோல முடிச்சுகள் இருந்தன. வெளியே இருந்த திட்டு அமிலாய்டு பீட்டா என்று 1984-இல்தான் தெரிந்தது. உள்ளே இருந்த முடிச்சு டாவ் என்ற இன்னொரு புரதம் என்பதும் அந்தப் பத்தாண்டில்தான் தெளிவானது.

இதில் கவனிக்க வேண்டியது, இறந்தபின்தான் பார்க்க முடிந்தது என்பதைத்தான். உயிரோடு இருப்பவரின் மூளையில் அமிலாய்டு இருப்பதைப் படமெடுத்துக் காட்டும் பெட் ஸ்கேன் முறை 2004-இல்தான் முதன்முறையாக வெளியானது. அதுவரை 'இவருக்கு அல்சைமர்' என்று மருத்துவர் சொன்னதெல்லாம் அறிகுறிகளை வைத்துச் செய்த ஊகம். நல்ல ஊகம்தான், ஆனால் ஊகம்.

அந்த ஊகத்துக்குக் கொடுத்த விலை பெரியது. சோலனெசுமாப் என்ற மருந்தின் பெரிய சோதனைகள் 2012-இல் தோற்றன. அது அமிலாய்டைப் பிடித்து அகற்றுவதற்காகச் செய்த மருந்து. பிறகு, பங்கேற்றவர்களில் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களைப் பார்த்தால், ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு மூளையில் அமிலாய்டு படிவே இல்லை. இல்லாத பொருளை அகற்ற மாதக்கணக்கில் மருந்து ஏற்றியிருக்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. அவர்களுக்கு இருந்தது வேறு வகை மறதி. அதைப் பிரித்துப் பார்க்கும் கண் அன்று அந்தச் சோதனையிடம் இல்லை.

சரி, அமிலாய்டின்மேல் இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நீங்கள் கேட்ட 'தவறான பாதை' இதைப் பற்றித்தான். நம்பிக்கைக்கு வலுவான காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அமிலாய்டு எந்தப் பெரிய புரதத்திலிருந்து வெட்டுப்பட்டு வருகிறதோ அதன் மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று பிரதி இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நாற்பது வயதுக்குள் மூளையில் அமிலாய்டு படிந்துவிடுகிறது. 1991-இல், இளவயதிலேயே அல்சைமர் வரும் ஒரு குடும்பத்தில் அதே மரபணுவில் ஒரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த வருடமே ஆராய்ச்சியாளர்கள் ஜான் ஹார்டியும் ஜெரால்டு ஹிக்கின்ஸும் அமிலாய்டுதான் தொடக்கம், மற்றதெல்லாம் அதன் விளைவு என்ற கருத்தை எழுதினார்கள். 2012-இல் ஐஸ்லாந்தில் எதிர்ப்பக்கச் சான்றும் கிடைத்தது. அதே மரபணுவில் வேறொரு மாற்றம் உள்ளவர்களுக்கு அமிலாய்டு குறைவாக உற்பத்தியாகிறது, அல்சைமர் வரும் வாய்ப்பும் குறைகிறது. இத்தனையும் ஒரே பக்கம் விரல் நீட்டும்போது யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் போயிருப்பார்கள்.

போனார்கள், அடிமேல் அடி வாங்கினார்கள். முதலில் தடுப்பூசி போல அமிலாய்டையே உடலில் செலுத்தி, உடலையே அதற்கு எதிராகக் கிளப்பிவிடும் முயற்சி. 2002-இல் அதை நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு மூளையிலும் அதன் உறையிலும் அழற்சி வந்துவிட்டது. அந்தச் சோதனையில் இருந்த சிலர் பல வருடம் கழித்து இறந்தபோது, அவர்கள் மூளையைப் பார்த்தார்கள். சிலருக்கு அமிலாய்டு திட்டுகள் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டதுபோல் இருந்தன. ஆனாலும் அவர்கள் கடைசிக்கட்ட மறதி நோயோடுதான் இறந்திருந்தார்கள். 2008-இல் இது வெளியானபோது இந்தத் துறையில் பலருக்கும் வயிற்றைப் பிசைந்திருக்கும்.

அப்புறம் வெட்டும் கத்தியையே மழுக்கப் பார்த்தார்கள். அமிலாய்டை வெட்டியெடுக்கும் நொதிகள் இரண்டு: பீட்டா சீக்ரடேஸ், காமா சீக்ரடேஸ். காமாவைத் தடுக்கும் செமகசெஸ்டாட் 2010-இல் நிறுத்தப்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களின் நினைவாற்றல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்து எதுவும் இல்லாத போலி மருந்து சாப்பிட்டவர்களைவிட மோசமாயிற்று, தோல் புற்றுநோயும் கூடியது. காமா சீக்ரடேஸ் அமிலாய்டை மட்டும் வெட்டும் கத்தி அல்ல. செல்கள் வளரவும் முதிரவும் தேவையான வேறு பல புரதங்களையும் அதுதான் வெட்டுகிறது. அதைக் கட்டிப்போட்டால் வீட்டு வேலை எல்லாமே நின்றுவிடும். பீட்டாவைத் தடுக்கும் மருந்துகளும் 2017 முதல் 2019 வரை ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அவை அமிலாய்டு உற்பத்தியை நன்றாகவே குறைத்தன. ஆனால் சிலவற்றில் நினைவாற்றல் இன்னும் கெட்டது.

2002 முதல் 2012 வரை நடந்த 413 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. 244 மருந்துகள் சோதிக்கப்பட்டு, ஒன்றே ஒன்றுதான் அனுமதி பெற்றது. தோல்வி 99.6 சதவீதம். இந்த எண்ணைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் வருவது அந்த 413-க்குள் இருந்த மனிதர்கள்.

ஒரு சோதனை நிறுத்தப்படும் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? முதல் நாள்வரை எல்லாம் வழக்கம்போல நடக்கும். மறுநாள் காலையில் செய்தி வரும், அன்றே எல்லாக் குடும்பங்களையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஓர் அம்மையார், கணவரை ஒன்றரை வருடமாக ஒருமுறைகூடத் தவறாமல் அழைத்து வந்தவர், எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவருக்கு ஏற்றினது மருந்தா, வெறும் தண்ணீரா?" எனக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் முறை. மருந்து பெறுபவர் யார், போலி மருந்து பெறுபவர் யார் என்பது மதிப்பெண் போடுகிறவனுக்குத் தெரிந்துவிட்டால் அவன் கை தன்னையறியாமல் சாய்ந்துவிடும். அதைச் சொன்னேன். "சரி தம்பி, அடுத்த வெள்ளிக்கிழமை வர வேண்டாம், இல்லையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இந்தத் தோல்விகளுக்கு எலிக்கும் ஒரு பங்கு உண்டு. அல்சைமர் எலிக்கு இயற்கையாக வருவதில்லை. மனித மரபணுவைச் செலுத்தித்தான் அதன் மூளையில் அமிலாய்டைப் படிய வைக்கிறார்கள். 1990-களின் நடுவில் இப்படிப்பட்ட எலிகள் வந்ததும் ஆராய்ச்சி பாய்ந்து முன்னேறியது. அந்த எலிக்கு மறதிகூட ஓரளவு வரும். ஆனால் டாவ் முடிச்சு விழாது, நரம்பணுக்களும் மனித மூளையில் சாவதுபோல் கூட்டம்கூட்டமாகச் சாவதில்லை. மனித நோயில் பாதிதான் எலியிடம் இருக்கிறது. அந்தப் பாதியைக் குணப்படுத்தும் மருந்து எலியைக் குணப்படுத்திவிடும். அதே மருந்து எழுபது வயது மனிதரிடம் வரும்போது மிச்சப் பாதி அப்படியே உட்கார்ந்திருக்கும். 'எலிகளில் அல்சைமர் குணமானது' என்ற செய்தியை இனிப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தை மூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் தனிப் போராட்டம். மூளையின் இரத்தக் குழாய்களின் சுவர் மற்ற இடங்களைப்போல் அல்ல, இடைவெளியில்லாமல் இறுகத் தைத்ததுபோல் இருக்கும். இரத்தத்தில் வருவது எல்லாம் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்கான காவல் அது. ஆன்டிபாடி மருந்துகள், அதாவது அமிலாய்டு போன்ற ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் புரதங்கள், பெரிய மூலக்கூறுகள். இரத்தத்தில் ஏற்றுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல்தான் மூளைக்குள் நுழைகிறது. இரும்பை மூளைக்குள் எடுத்துச் செல்லும் இயற்கையான வாசல் ஒன்று அந்தச் சுவரில் இருக்கிறது. அதில் தொற்றிக்கொண்டு உள்ளே போகும்படி வடிவமைத்த புதிய ஆன்டிபாடிகள் இப்போது சோதனையில் உள்ளன. எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு உள்ள இடங்களில் அதுவும் ஒன்று.

இப்போது அளவுகோலுக்கு வருகிறேன். என் வேலையே அதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் என்றால் கருவி வைத்து எண்ணைப் படித்துவிடலாம். கட்டி என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கலாம். மறதியை எப்படி அளப்பது? பெரிய சோதனைகளில் அதிகம் பயன்படும் ஓர் அளவுகோலில் ஆறு பகுதிகள் உண்டு. நினைவு, இடம் காலம் பற்றிய தெளிவு, முடிவெடுக்கும் திறன், வெளி விவகாரங்கள், வீட்டு வேலையும் பொழுதுபோக்கும், தன்னைத்தான் கவனித்துக்கொள்ளல். மொத்தம் 18 புள்ளிகள், புள்ளி கூடினால் நோய் கூடியிருக்கிறது என்று பொருள். நோயாளியிடம் கேட்பதோடு, அவரோடு இருப்பவரிடமும் தனியாக உட்கார்ந்து கேட்போம்.

ஒரு மனைவியிடம் கேட்கிறேன்: "வீட்டு வரவு செலவை அவரே பார்த்துக்கொள்கிறாரா?" "நான்தான் பார்க்கிறேன்." "முன்பு அவர் பார்த்தாரா?" "ஆமாம். இப்போது எதற்கு அவருக்குச் சிரமம் என்று நானே வாங்கிக்கொண்டேன்." இதற்கு என்ன மதிப்பெண் போடுவது? அவரால் முடியவில்லையா, அல்லது இவர் முடியவிடவில்லையா? கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடுத்த முறை மனைவிக்குப் பதில் மகன் வந்தால் வேறு படம் கிடைக்கும், வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற மகனுக்கு அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். நோயாளி முந்தின இரவு சரியாகத் தூங்காவிட்டால் அன்றைக்கு இரண்டு சொற்கள் கூடுதலாக மறந்துபோகும். இத்தனை ஆட்டத்துக்கு நடுவில் மருந்தின் சின்ன விளைவைப் பிரித்தெடுக்க வேண்டும். அதனால்தான் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பேரைச் சேர்த்து ஒன்றரை வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நோயே மெதுவாக நகர்வதால் ஆறு மாதத்தில் ஒன்றும் தெரியாது. செலவும் காலமும் ஏறுவது இப்படித்தான்.

இந்த அளவுகோலைத் தெரிந்துகொண்டால்தான் புதிய ஊசிகளைப் பற்றிய பேச்சு புரியும். அவற்றில் ஒன்றான, அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் ஊசியின் சோதனையில் 1,795 பேர் இருந்தார்கள், எல்லாரும் ஆரம்பக் கட்டத்தினர், அமிலாய்டு இருப்பது உறுதி செய்யப்பட்டவர்கள். பதினெட்டு மாதத்தில் போலி மருந்து பெற்றவர்கள் சராசரியாக 1.66 புள்ளி சரிந்தார்கள். மருந்து பெற்றவர்கள் 1.21 புள்ளி சரிந்தார்கள். வித்தியாசம் 0.45. செய்தித்தாளில் இது '27 சதவீதம் குறைந்தது' என்று வரும். இரண்டும் ஒரே உண்மைதான், ஆனால் காதில் விழும்போது வேறு வேறாகக் கேட்கும். இரண்டு பக்கமும் சரிந்தன, ஒரு பக்கம் கொஞ்சம் மெதுவாகச் சரிந்தது. யாருக்கும் பழைய நினைவு திரும்பி வரவில்லை.

மேசையில் உட்காருகிறவனாக என் கருத்தைச் சொல்கிறேன். 0.45 என்பது உண்மையான வித்தியாசம், தற்செயல் அல்ல. ஆனால் ஒரே ஒருவரை எதிரில் உட்கார வைத்தால் அதை என்னால் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில்தான் அது தெரியும். முதல்முறையாக நோயின் போக்கையே ஒரு மருந்து தொட்டிருக்கிறது என்பதால் ஆராய்ச்சிக்கு இது மிகப் பெரிய விஷயம். ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வேறு கேள்வி.

பக்கவிளைவையும் சொல்லியாக வேண்டும். அமிலாய்டு திட்டுகளாக மட்டும் இருப்பதில்லை, மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் ஒட்டியிருக்கும். அங்கிருந்து அதை உரிக்கும்போது குழாய் கசியும். மூளையில் வீக்கமோ நுண்ணிய இரத்தக்கசிவோ வரும். லெகானெமாப் பெற்றவர்களில் வீக்கம் சுமார் 12.6 சதவீதம், இன்னொரு புதிய ஊசியான டொனானெமாபில் 24 சதவீதம். பலருக்கு அறிகுறியே இல்லாமல் எம்.ஆர்.ஐ-யில் மட்டும் தெரிந்து அடங்கிவிடும். சிலருக்கு ஆபத்தாக முடியும், உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. அபோஇ4 என்ற மரபணு வகையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு இந்த அபாயம் பல மடங்கு. கொடுமை என்னவென்றால், அல்சைமர் வரும் வாய்ப்பை அதிகம் கூட்டுவதும் அதே மரபணு வகைதான். மருந்து அதிகம் தேவைப்படுகிறவருக்கே அது அதிக ஆபத்தாக இருக்கிறது.

இதற்கு முன்பு அடுகானுமாப் என்ற ஊசி வந்து போனது. பலன் இல்லை என்று 2019 மார்ச்சில் சோதனை நிறுத்தப்பட்டது. அதே வருடம் அக்டோபரில், கூடுதல் தரவுகளைப் பார்த்ததில் பலன் இருக்கிறது என்று நிறுவனம் சொன்னது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு ஏற்கவில்லை. இருந்தும் 2021 ஜூனில் அனுமதி கிடைத்தது. குழுவில் மூன்று பேர் ராஜினாமா செய்தார்கள். 2024-இல் நிறுவனமே அந்த மருந்தைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. இந்த விவகாரத்தில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் உண்டு. மருந்து பலிக்காமல் போனதைவிட, குடும்பங்கள் அதற்கப்புறம் வந்த நல்ல முடிவுகளையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியதுதான் பெரிய நஷ்டம்.

அமிலாய்டைத் துடைத்தும் நோய் ஏன் நிற்கவில்லை? கரையான் அரித்த உத்தரத்தை நினைத்துப் பாருங்கள். கரையானை முழுக்கக் கொன்றுவிடலாம். அரிபட்ட மரம் திரும்ப வளராது. இதோடு இன்னொன்றும் நடக்கிறது. அமிலாய்டு கிளப்பிவிட்ட டாவ் ஒரு கட்டத்துக்குமேல் தன்பாட்டில் ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. மறதியின் அளவு அமிலாய்டின் அளவோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை, டாவ் எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதோடுதான் ஒத்துப்போகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய ஒரு பெண் உண்டு. கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில் ஒரு பெரிய உறவுக் கூட்டம், தலைமுறை தலைமுறையாக ஒரே மரபணு மாற்றத்தைச் சுமக்கிறது. அது இருப்பவர்களுக்கு நாற்பதுகளின் நடுவிலேயே நினைவு தடுமாறத் தொடங்கிவிடும். பிரான்சிஸ்கோ லொபேரா என்ற மருத்துவர் பல பத்தாண்டுகள் அந்தக் குடும்பங்களோடு இருந்து ஆராய்ந்தார். அங்கே ஒரு பெண்ணுக்கு அந்த மாற்றம் இருந்தும் எழுபது வயதுவரை பெரிய மறதி வரவில்லை. 2019-இல் வெளியான ஆய்வு சொன்னது: அவர் மூளை நிறைய அமிலாய்டு, ஆனால் டாவ் மிகக் குறைவு. அபோஇ மரபணுவில் அவருக்கு இன்னொரு அரிய மாற்றம், இரண்டு பிரதியிலும். அமிலாய்டு வந்தபின்னும் அடுத்த படிக்கு நோய் ஏறாமல் எதுவோ தடுத்திருக்கிறது. அந்த 'எதுவோ'வை மருந்தாக்கப் பலர் முயல்கிறார்கள். அதே உறவுக் கூட்டத்தில், இன்னும் நோய் வராதவர்களுக்குப் பல வருடம் கொடுத்துப் பார்த்த கிரெனெசுமாப் என்ற ஊசி 2022-இல் தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் டாவைப் பிடிக்கலாமே? பிடிக்கப் பார்த்தார்கள். முதல் சுற்று டாவ் ஆன்டிபாடிகள் தோற்றன, டாவ் பெரும்பாலும் செல்லுக்குள் இருப்பதும், ஆன்டிபாடி வெளியே நிற்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது டாவ் உற்பத்தியையே மரபணுக் கட்டளை மட்டத்தில் குறைக்கும் முயற்சி நடக்கிறது. வேறு கதவுகளும் தட்டப்பட்டன. பெண் ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு அல்சைமர் குறைவு என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். முறையாகச் சோதித்த முடிவு 2003-இல் வந்தது. 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஹார்மோன் கூட்டு மாத்திரை கொடுத்ததில் மறதி நோய் இரண்டு மடங்காயிற்று. சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் தரும் செமகுளுடைடு பற்றியும் இதேபோல் நம்பிக்கை இருந்தது. 2025 நவம்பரில் இரண்டு பெரிய சோதனைகளும் பலனில்லை என்று முடிந்தன. ஒரு மருந்து சாப்பிடுபவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பதற்கும், அந்த மருந்தால் நன்றாக இருக்கிறார்கள் என்பதற்கும் இடையே இருக்கும் தூரம் பெரியது.

மோசடி பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் 'தவறான பாதை' என்று பேசுபவர்கள் பலரும் அதை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம் எலிகளுக்கு மறதி வரவழைக்கிறது என்று 2006-இல் 'நேச்சர்' இதழில் வந்த புகழ்பெற்ற கட்டுரை, அதன் படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. அது இந்தத் துறைக்கு அவமானம். அதை நம்பி வேலை செய்தவர்களின் வருடங்கள் போனது போனதுதான். ஆனால் நான் மேலே சொன்ன மரபணுச் சான்றுகள் எதுவும் அந்தக் கட்டுரையின்மேல் நிற்கவில்லை. ஒரே கருத்தின்மேல் பணமும் ஆட்களும் அளவுக்கு மீறிக் குவிந்தது உண்மை, மற்ற கருத்துகள் வாடியதும் உண்மை. அதனால் என் பதில்: பாதை தவறு அல்ல, அந்தப் பாதையில் மிகத் தாமதமாக ஏறினோம், அது ஒன்றே பாதை என்றும் நினைத்துவிட்டோம்.

எண்பது வயது மூளையில் அல்சைமர் தனியாக இருப்பதும் அரிது. இறந்தபின் பரிசோதித்தால் சின்னச் சின்ன பக்கவாதத் தழும்புகள், பார்க்கின்சன் நோயில் காணும் புரதப் படிவு, வேறு புரதங்கள் என்று இரண்டு மூன்று கலந்தே கிடைக்கும். ஒன்றை மட்டும் துடைக்கும் மருந்துக்கு அங்கே எவ்வளவு இடம் கிடைக்கும்?

அதனால்தான் ஆராய்ச்சி இப்போது பின்னோக்கி, அதாவது மறதி வெளியே தெரிவதற்கு முந்தைய காலத்தை நோக்கி நகர்கிறது. மறதி துளியும் இல்லாத, ஆனால் அமிலாய்டு உள்ளவர்களுக்கு லெகானெமாபும் டொனானெமாபும் கொடுத்துப் பார்க்கும் பெரிய சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. பி-டாவ்217 என்ற புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனை வந்ததால் ஆட்களைத் தேடுவது எளிதாகியிருக்கிறது. இந்த வகையில் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் இங்கே புதிய சங்கடம். அமிலாய்டு உள்ள எல்லாருக்கும் மறதி வருவதில்லை, சிலர் கடைசிவரை தெளிவாகவே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆரோக்கியமாக நடமாடும் ஒருவரிடம் 'உங்கள் மூளையில் இது இருக்கிறது' என்று சொல்லி, மூளைக்கசிவு அபாயமுள்ள ஊசியைப் பல வருடம் ஏற்றுவதற்கு எவ்வளவு நிச்சயம் வேண்டும்? அதற்கு யாரிடமும் ஓர் எண் இல்லை.

இனி உங்கள் அப்பா. முதலில், அவருக்கு இருப்பது அல்சைமர்தான் என்று ஸ்கேன், முதுகுத்தண்டு நீர், இரத்தப் பரிசோதனை இவற்றில் ஏதாவது ஒன்றால் உறுதி செய்தார்களா, அல்லது அறிகுறியை வைத்துச் சொன்னார்களா என்று கேளுங்கள். புதிய ஊசி ஆரம்பக் கட்டத்தினருக்கு மட்டும்தான். நடுக்கட்டம் தாண்டிவிட்டால் அதைத் தேடி அலைய வேண்டாம், நீங்கள் எதையும் தவறவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். ஆரம்பக் கட்டம் என்றால் மருத்துவரிடம் மூன்று விஷயம் பேசுங்கள்: அபோஇ மரபணுப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ-யில் பழைய நுண்கசிவுகள் இருக்கின்றனவா என்பது, இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்பது. லெகானெமாப் என்றால் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டொனானெமாப் என்றால் மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டும், இடையிடையே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அந்த அலைச்சலை அப்பா தாங்குவாரா, அவர் அதை விரும்புகிறாரா என்று அவரையே கேளுங்கள். இப்போது கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும்.

டொனெபெசில் போன்ற பழைய மாத்திரைகளை ஒதுக்கிவிடாதீர்கள். அவை நோயை நிறுத்தாது, ஆனால் நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் அசிடைல்கோலினை உடைந்துபோகாமல் கொஞ்சம் காப்பாற்றி, சிலருக்குப் பல மாதங்கள் தெளிவைக் கொடுக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்கும் திறன் மூன்றையும் சரிபாருங்கள். காது மங்கினால் மறதி இன்னும் அதிகமாகத் தெரியும், அதைச் சரிசெய்வது இதில் எல்லாவற்றையும்விட எளிது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அப்பாவோடு தினமும் இருப்பவர் யாரோ அவரையும் அழைத்துப் போங்கள். கடந்த மாதம் என்னென்ன மாறியது என்று அவரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்த வேலையை அப்பாவால் செய்ய முடியவில்லை, எந்த வேலையை அவர் சிரமப்படக் கூடாது என்று நீங்களே வாங்கிக்கொண்டீர்கள் என்பதைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்குப் பதில் அந்தத் தாளில்தான் இருக்கும்.